பியானோவின் ஆக்‌ஷன் சரியாக உட்காரவில்லை என்றால்

கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். பெங்களூரிலிருந்து கோவைக்கு ஒரு பழைய ஜப்பானிய அப்ரைட் பியானோ வந்து இறங்கியிருக்கிறது. 121 செ.மீ. உயரம், 88 கட்டை. கட்டையை அழுத்தினால் சுத்தியலைக் கம்பிமேல் அடிக்கவைக்கும் உள் இயந்திரத்துக்குத்தான் ஆக்‌ஷன் என்று பெயர். வண்டியில் ஏற்றும் முன் ஆக்‌ஷனைக் கழற்றித் தனியாகக் கொண்டுவந்து, வீட்டில் திரும்ப மாட்டியிருக்கிறார்கள். அதிலிருந்து வலப்பக்கம் இரண்டு ஆக்டேவ் கண்ணாடியைத் தட்டினாற்போல் மெலிந்து ஒலிக்கிறது. அங்கே சுத்தியல்கள் ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் உள்ள மூன்று கம்பிகளில் இரண்டைத்தான் தொடுகின்றன. கட்டைகள் தொளதொளவென்று இருக்கின்றன. அந்த இயந்திரத்தைத் தாங்கும் வலக்கோடி பிராக்கெட்டின் குமிழ் நட்டு முழுதாக ஏற மறுக்கிறது. பார்க்க வந்தவர், சுத்தியல் தண்டுகளை ஒவ்வொன்றாகச் சூடு காட்டி வளைத்துச் சரிசெய்துவிடலாம் என்கிறாராம். செய்யச் சொல்லலாமா?

வேண்டாம். தண்டுக்குச் சூடு காட்டித் திருப்புவது என்பது தொழிலில் உள்ள முறைதான், அவர் ஒன்றும் கதை விடவில்லை. ஆனால் அது ஒன்றிரண்டு சுத்தியல் தனித்தனியே கோணிக்கொண்டால் செய்கிற வேலை. இருபது சுத்தியல்கள், ஒரே நாளில், ஒரே பக்கமாக, ஏறக்குறைய ஒரே அளவு விலகியிருக்கின்றன என்றால் குற்றம் சுத்தியலில் இல்லை. அவை மாட்டியிருக்கிற சட்டகமே நகர்ந்து நிற்கிறது. அதை விட்டுவிட்டு இருபது தண்டுகளையும் வளைத்தால், நாளைக்கு யாராவது சட்டகத்தைச் சரியான இடத்தில் உட்காரவைக்கும்போது அந்த இருபதும் எதிர்ப்பக்கம் விலகும். மறுபடி சூடு, மறுபடி வளைப்பு. அந்த மெல்லிய மரத் தண்டு எத்தனை முறைதான் தாங்கும்?

என் ஊகத்தை இப்போதே சொல்கிறேன்: வலக்கோடி பிராக்கெட்டின் கால் அதன் உருண்டைத் தலையில் உட்காராமல், குழியின் விளிம்பில் ஏறி நிற்கிறது. நீங்கள் சொன்ன நான்கு அறிகுறிகளும் அந்த ஒரே காரணத்தில் அடங்கிவிடுகின்றன. எப்படி என்று புரிய, ஆக்‌ஷன் எதன்மேல் நிற்கிறது என்பதைக் கொஞ்சம் பார்க்க வேண்டும்.

மேல்மூடியைத் திறந்து முன்பலகையை எடுத்துவிட்டால், சுத்தியல், டேம்பர் (விரலை எடுத்ததும் கம்பியின் ஒலியை அடக்கும் ஃபெல்ட் துண்டு), விப்பன் (கட்டையின் தள்ளலைச் சுத்தியலுக்குக் கொண்டுபோகும் நெம்புகோல்) எல்லாம் நீளமான மரச்சட்டங்களில் வரிசையாகத் திருகப்பட்டிருப்பது தெரியும். அந்தச் சட்டங்களைத் தாங்குவது மூன்று அல்லது நான்கு உலோக பிராக்கெட்டுகள். ஒவ்வொரு பிராக்கெட்டும் கீழே ஒரு குழிந்த காலில் முடிகிறது. கட்டைகளைத் தாங்கும் கனத்த பலகை இருக்கிறதே, கீபெட், அதில் உருண்டைத் தலை போல்ட்டுகள் நட்டிருப்பார்கள். குழி அந்த உருண்டையில் கவிழ்ந்து உட்காரும், நம் இடுப்பு மூட்டு மாதிரி. மேலே, பின்னால் இருக்கும் வார்ப்பிரும்புச் சட்டத்தின் பக்கத்திலிருந்து நீண்ட போல்ட்டுகள் உங்களை நோக்கி நீட்டிக்கொண்டிருக்கும். பிராக்கெட்டின் தலையில் உள்ள பிளவு அந்த போல்ட்டில் நுழைந்து, போல்ட்டின் தோளில் சாய்ந்து நிற்க, முன்னாலிருந்து குமிழ் நட்டு அதைப் பிடித்துக்கொள்ளும். அவ்வளவுதான். ஆயிரக்கணக்கான சிறு துண்டுகள் கொண்ட ஒரு இயந்திரம், ஏழெட்டு இடங்களில் மட்டும் பியானோவைத் தொட்டுக்கொண்டு நிற்கிறது. கழற்றுவது சுலபம் என்பதற்காகத்தான் இந்த ஏற்பாடு. தப்பாக மாட்டுவதும் அதனாலேயே சுலபம்.

இப்போது வலக்கோடிக் கால் விளிம்பில் ஏறி நிற்பதாக வைத்துக்கொள்ளுங்கள். ஆக்‌ஷனின் வலப்பக்கம் இரண்டு மூன்று மில்லிமீட்டர் உயர்ந்துவிடும். கட்டையின் பின்முனையில் உள்ள கேப்ஸ்டன் திருகுக்கும் விப்பனுக்கும் நடுவே அந்த அளவு இடைவெளி விழும். கட்டை முதலில் வெறும் காற்றில் நகர்ந்து, பிறகுதான் எதையாவது தள்ளத் தொடங்கும். உங்கள் விரலுக்குத் தொளதொளப்பாகத் தெரிவது அதுதான். இடப்பக்கம் போகப் போக அது குறைந்துகொண்டே வந்து மறைந்தால், சட்டகம் ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு சாய்ந்து நிற்கிறது என்று உறுதியாகிவிடும்.

ஒலி மெலிந்ததற்கும் அதே உயரம்தான் காரணம். அப்ரைட்டில் கம்பிகள் செங்குத்தாக நிற்பதால், ஆக்‌ஷன் ஏறினால் சுத்தியல் கம்பியைத் தொடும் புள்ளியும் ஏறுகிறது. இடக்கோடியில் ஒரு மீட்டருக்கும் மேலான கம்பி. அங்கே இரண்டு மில்லிமீட்டர் ஏறினால் யார் காதுக்கும் தெரியாது. வலக்கோடி கடைசிக் கட்டையில் அதிரும் கம்பியின் நீளமே ஐந்து சென்டிமீட்டர் அளவுதான். சுத்தியல் அதன் மேல் முனைக்கு மிக அருகில், சில மில்லிமீட்டரில்தான் அடிக்கிறது. அங்கே இரண்டு மில்லிமீட்டர் என்பது ஊர் விட்டு ஊர் போவது மாதிரி. கோடி ஸ்வரத்தை ஒரு கையால் தட்டிக்கொண்டே, நட்டைத் தளர்த்தி ஆக்‌ஷனின் அந்தப் பக்கத்தை மறுகையால் மயிரிழை தூக்கி இறக்கிப் பாருங்கள். ஓர் இடத்தில் ஒலி சட்டென்று திறந்துகொள்ளும். தொழிலில் இருப்பவர்கள் அடிபுள்ளியைக் கண்டுபிடிக்கும் வழி இதுதான். படித்துத் தெரிந்துகொள்வதைவிட ஒரு தரம் காதால் கேட்டால் மறக்காது.

கால் உருண்டையின் உச்சியில் இல்லாததால் சட்டகம் பக்கவாட்டிலும் நழுவியிருக்கும், ஆகவே மூன்றில் இரண்டு கம்பி. பிராக்கெட்டின் தலையும் போல்ட்டுக்கு நேராக வராது, ஆகவே நட்டு ஏறாது.

சோதித்துப் பார்ப்பதை நீங்களே செய்யலாம். டார்ச், சின்னக் கண்ணாடி, பென்சில் போதும். வலக்கோடிக் கால் கடைசிக் கட்டைக்கு அப்பால் இருக்கும். விளக்கடித்தால் நேராகவே தெரியும். நடுவில் உள்ள காலைப் பார்க்க அதன் அருகிலிருக்கும் ஓரிரு கட்டைகளை எடுக்க வேண்டியிருக்கலாம். கட்டைகளில் எண் பொறித்திருக்கும், இருந்தாலும் எடுத்த வரிசையிலேயே அடுக்கி வையுங்கள்.

பிறகு மேலே உள்ள எல்லா நட்டுகளையும் முழுக்கக் கழற்றாமல் இரண்டு மூன்று சுற்று தளர்த்துங்கள். பல பேர் தவறவிடும் இடம் இது. நட்டை இறுக்கிவைத்துக்கொண்டு எங்கே கோணல் என்று தேடினால் தெரியாது, ஏனென்றால் நட்டு கோணலை இழுத்துப் பிடித்து மறைத்துக்கொண்டிருக்கும். தளர்த்தியபின் சட்டகம் தன் இயல்பான நிலைக்கு வரும். இப்போது ஒவ்வொரு பிராக்கெட்டும் போல்ட்டின் தோளில் தானாகச் சாய்ந்து தொடுகிறதா, இடைவெளி விட்டு நிற்கிறதா என்று ஒரு விசிட்டிங் கார்டை நுழைத்துப் பாருங்கள். தொடாமல் நிற்கிற பிராக்கெட்டை, அல்லது அதன் போல்ட்டைத்தான் சந்தேகப்பட வேண்டும். பிராக்கெட்டின் தலையைப் பிடித்து மெல்ல ஆட்டுங்கள். காலில் 'டொக்' என்று ஒரு சத்தம் வந்தால் உருண்டை குழியில் இல்லை.

இன்னொரு சாட்சி சுத்தியலிலேயே இருக்கிறது. பல வருடம் வாசித்த பியானோவில் சுத்தியலின் மூக்கில் கம்பிகள் பதிந்து மூன்று கோடுகள் விழுந்திருக்கும். ஆக்‌ஷன் அத்தனை காலம் எங்கே நின்றது என்பதற்கு அதைவிட நல்ல பதிவேடு கிடையாது. சுத்தியலை விரலால் கம்பிவரை கொண்டுபோய்ப் பாருங்கள். கோடுகள் கம்பிகளுக்கு நேராக விழுந்தால் சட்டகம் பக்கவாட்டில் நகரவில்லை. கோடுகள் எல்லாம் ஒரே அளவு தள்ளி விழுந்தால் நகர்ந்திருக்கிறது. எவ்வளவு என்பதை அளந்தே சொல்லலாம். விற்கும் முன்பு சுத்தியலைத் தேய்த்துப் புதிதாக்கியிருந்தால் இந்தச் சாட்சி போய்விடும். அப்போது இடப்பக்கத்து, அதாவது பேஸ் பக்கத்து டேம்பர்களின் ஆப்பு வடிவ ஃபெல்ட்டைப் பாருங்கள். அதிலும் கம்பித் தடம் இருக்கும், அதை யாரும் தேய்ப்பதில்லை.

என் ஊகம் சரியென்றால் வேலை கால்மணி நேரம். முதலில் கீழே பெடலிலிருந்து மேலே வரும் மரக்கோல்களைக் கவனியுங்கள். ஆக்‌ஷனை எடுக்கும்போது அவை நழுவும். திரும்ப வைக்கும்போது வலது பெடலின் கோல் தவறான இடத்தில் முட்டினால் டேம்பர்கள் மொத்தமாகத் தூக்கிக்கொள்ளும், நீங்கள் வேறு எங்கோ தேடிக்கொண்டிருப்பீர்கள். (நானும் ஒருமுறை அரைநாள் தேடியிருக்கிறேன்.) நட்டுகளை எடுத்துவிட்டு, ஆக்‌ஷனை முழுவதும் வெளியே எடுக்காமல், மேற்பக்கத்தை உங்களை நோக்கிக் கொஞ்சம் சாய்த்து, வலப்பக்கத்தைத் தூக்கி, கால் உருண்டையில் 'தப்' என்று இறங்கும்வரை தடவிக்கொண்டே இறக்குங்கள். இரண்டு பேர் இருந்தால் நல்லது, ஒருவர் காலைப் பார்த்துக்கொள்ள. தூக்கும்போது பிராக்கெட்டைப் பிடிக்க வேண்டும். சுத்தியல் சட்டத்தையோ டேம்பர் கம்பிகளையோ பிடித்துவிட்டு என்னைத் திட்டாதீர்கள். எல்லாக் கால்களும் இறங்கியபின் மேற்பக்கத்தை போல்ட்டுகளின் மேல் சாயுங்கள். பிளவுகள் எல்லாம் தள்ளாமல் நுழைய வேண்டும். நட்டைக் கோடி இரண்டில் முதலில், பிறகு நடுவில், விரலாலேயே ஏற்றுங்கள். விரலால் ஏறாத நட்டுக்கு ஸ்பானர் போடக் கூடாது. ஏறவில்லை என்றால் கோணல் இன்னும் இருக்கிறது என்று அர்த்தம்.

ஸ்பானரால் இழுத்துப் பிடித்தால் என்ன ஆகும்? ஒரு கடலோரத் தேவாலயத்தின் பியானோவில் பார்த்தேன். நடு போல்ட் வளைந்திருந்தது. யாரோ ஒருவர் அதற்கு நேரே பிராக்கெட்டை நட்டால் வலுக்கட்டாயமாக இழுத்திருந்தார். சுத்தியல் சட்டம் வில்லாக வளைந்து, நடு ஆக்டேவில் சுத்தியல்கள் கம்பிக்கு நெருங்கியும் இரு கோடியிலும் விலகியும் நின்றன. அதைச் சமன் செய்ய அடுத்து வந்தவர் நடுவில் உள்ள அத்தனை திருகுகளின் அளவையும் மாற்றியிருந்தார். மூன்றாவதாக வந்தவர் கட்டைகளுக்கு அடியில் காகிதம் வைத்திருந்தார். கடைசியில் நான் செய்த வேலை ஒரு போல்ட்டை நிமிர்த்தியது. அதற்கு முன் அவர்கள் செய்ததையெல்லாம் பழைய நிலைக்குக் கொண்டுவரத்தான் இரண்டு நாள் ஆனது.

கால் சரியாகத்தான் உட்கார்ந்திருக்கிறது, ஆனாலும் கோணல் போகவில்லை என்றால், வண்டிப் பயணத்தில் அடிபட்டிருக்கக்கூடிய இடங்கள் இரண்டு: கீழே உருண்டை போல்ட், மேலே நீண்ட போல்ட்.

உருண்டை போல்ட் கீபெட் மரத்தில் திருகி நிற்கிறது. அதை விரலால் ஆட்டினால் அசைந்தால் மரத்தில் மரை தேய்ந்துவிட்டது. தீக்குச்சி திணித்து இறுக்குவது நம்மூர் வைத்தியம். இரண்டு மாதம் நிற்கும், அடுத்த மழைக்காலத்தில் மறுபடி ஆடும். சரியான வழி, போல்ட்டை எடுத்துவிட்டு ஓட்டையைச் சுத்தமாகப் பெரிதாக்கி, கெட்டி மரத்தில் கடைந்த முளையைப் பசையோடு அடித்து இறக்கி, ஒரு நாள் காயவிட்டு, நடுவில் புதிதாகச் சின்ன ஓட்டை போட்டுத் திருகுவது. தச்சர் யாரும் செய்வார். ஆனால் அவரிடம் கொடுக்கும் முன் இரண்டு அளவுகளைக் குறித்துக்கொள்ள வேண்டும். ஒன்று, பலகையிலிருந்து உருண்டையின் உச்சிவரை உயரம், வெர்னியரால். மற்றது, உருண்டையின் மையம் எங்கே என்பது. ஓட்டையை மூடிவிட்டால் அந்தப் புள்ளி போய்விடும் என்பதால் தள்ளிச் சில இடங்களில் கோடு கிழித்து வைக்க வேண்டும். இந்த இரண்டும் இல்லாமல் முளை அடித்தால் ஒரு கோணலைச் சரிசெய்து இன்னொன்றை வாங்கிக்கொள்வீர்கள். ஓட்டையிலிருந்து மாவு மாவாகக் கொட்டினால் கரையானோ உளுப்போ இருக்கிறது. அப்போது பேச்சே வேறு, கீபெட்டை முழுதாகப் பார்க்க வேண்டும்.

மேல் போல்ட்டுகள் வளைந்திருக்கின்றனவா என்று பார்க்க ஒரு நூல் போதும். இரு கோடி போல்ட்டுகளின் தோள்களைத் தொட்டபடி நூலை இழுத்துக் கட்டினால் நடு போல்ட்டின் தோள் முன்னால் வருகிறதா பின்னால் போகிறதா என்று தெரிந்துவிடும். எல்லா பியானோவிலும் அவை ஒரே கோட்டில்தான் இருக்கும் என்பதில்லை, சில அமைப்புகளில் பேஸ் பக்கம் வேண்டுமென்றே வேறுபடும். ஆகவே நூல் சொல்வதைத் தோளுக்கும் பிராக்கெட்டுக்கும் உள்ள இடைவெளியோடு சேர்த்துத்தான் படிக்க வேண்டும். வளைந்த போல்ட்டை இருந்த இடத்திலேயே குழாய் மாட்டி நிமிர்த்தலாம் என்று தோன்றும். தயவுசெய்து செய்யாதீர்கள். பக்கத்தில் இருப்பது வார்ப்பிரும்பு, வளையாது, உடையும். அது உடைந்தால் பியானோ முடிந்தது. இரண்டு நட்டுகளை போல்ட்டில் ஏற்றி ஒன்றோடொன்று இறுக்கிப் பூட்டி, உள் நட்டைத் திருப்பினால் போல்ட் மொத்தமாக வெளியே வரும். எத்தனை சுற்றில் வந்தது என்று எண்ணிக்கொள்ளுங்கள். வெளியே எடுத்து வைஸில் மரத்துண்டு கொடுத்து நிமிர்த்தலாம், அல்லது லேத் பட்டறையில் அதே மாதிரி புதிதாகக் கடைந்துகொள்ளலாம். கடையச் சொல்லும்போது தோள் இருக்கும் தூரம் மில்லிமீட்டர் பிசகக் கூடாது என்பதை இரண்டு தடவை சொல்லுங்கள்.

மரை விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. உங்களுடையது ஜப்பானியது, மில்லிமீட்டர் மரை. பழைய பிரிட்டிஷ் பியானோ வைத்திருப்பவர்கள் இதைப் படித்தால், அவர்களுடையது விட்வொர்த் மரையாக, அதாவது பழைய பிரிட்டிஷ் அங்குல மரையாக இருக்கக்கூடும். 5/16 அங்குல விட்வொர்த் போல்ட் 7.94 மி.மீ. விட்டம், ஹார்ட்வேர் கடையில் கிடைக்கும் எம்8 நட்டு 8 மி.மீ. பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான். ஆனால் ஒன்றில் மரைக்கு மரை 1.41 மி.மீ., மற்றதில் 1.25. இரண்டு சுற்று சந்தோஷமாக ஏறிவிட்டு மூன்றாவதில் கடிக்கும். அந்த நேரத்தில் ஸ்பானரை எடுத்தால் இரண்டு மரையும் போச்சு. அதே பழைய பிரிட்டிஷ் பியானோக்களில் டேம்பர்கள் சுத்தியலுக்கு மேலே இருந்து, முன்னால் கம்பிகள் கூண்டு மாதிரி வரிசையாக நிற்கும் வகை ஒன்று உண்டு. அதை வீட்டில் கழற்ற வேண்டாம்.

ஒருவேளை மேல் போல்ட்டின் தோள் மட்டும் முன்பின் நகர்ந்திருந்தால் அறிகுறிகள் வேறு மாதிரி இருக்கும், தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். சட்டகம் கம்பிப் பக்கம் சாய்ந்தால், சுத்தியல் கம்பியைத் தொடும் முன் விடுபட வேண்டிய இடம் போய்விடும். சாதாரணமாகக் கம்பிக்கு 3 மி.மீ. முன்னால் ஜாக் (சுத்தியலைத் தள்ளும் சிறு துண்டு) விலகி, சுத்தியல் மீதித் தூரத்தைத் தன் வேகத்தில் கடக்கும். சட்டகம் 3 மி.மீ. நெருங்கிவிட்டால் சுத்தியல் கம்பியிலேயே அழுந்தி நிற்கும், ஒலி 'டப்' என்று செத்துவிடும். உங்கள் பக்கம் சாய்ந்தால் எதிர்மாறு: மெதுவாக வாசிக்கும்போது ஸ்வரம் பிடிக்காமல் போகும், டேம்பர்களும் சீக்கிரமே தூக்கிக்கொண்டு, சில கட்டைகளில் விரலை எடுத்தபின்னும் ஒலி நிற்காது. சட்டகம் கீழே இறங்கியிருந்தால் தொளதொளப்புக்குப் பதிலாக, சுத்தியல்கள் தம் ஓய்வுச் சட்டத்தில் படாமல் அந்தரத்தில் நிற்கும். ஒரே கட்டையைத் திரும்பத் திரும்பத் தட்டினால் இரண்டாம் அடி பேசாது.

அளவு குறைவாக இருக்கும் இடத்தில் தோளுக்கும் பிராக்கெட்டுக்கும் இடையே வாஷர் வைக்கலாமா என்றால், வைக்கலாம், பித்தளையில். அட்டையோ ஃபெல்ட்டோ வேண்டாம், நம் ஊர் ஈரத்தில் அமுங்கி அமுங்கி ஆறு மாதத்தில் வேறு அளவாகிவிடும்.

உடைந்த பிராக்கெட்டைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. மயிரிழை வெடிப்பு தெரிந்தாலும் வேலையை அங்கேயே நிறுத்திவிட்டு ஆளைக் கூப்பிடுங்கள்.

சட்டகம் சரியாக உட்கார்ந்தபின் இரண்டு மூன்று சுத்தியல்கள் இன்னும் விலகி நின்றால், அந்த மெக்கானிக்கை அழைத்து அவற்றுக்கு மட்டும் சூடு காட்டச் சொல்லுங்கள். அது அவருக்குத் தெரிந்த வேலை. ட்யூனிங்கை இரண்டு மூன்று வாரம் கழித்து வைத்துக்கொள்ளலாம். பெங்களூர்க் காற்றுக்குப் பழகிய மரம் கோவைக் காற்றுக்குப் பழக அவ்வளவு நாளாவது ஆகும். ட்யூன் செய்ய வருகிறவரிடம் குமிழ் நட்டுகளை ஒருமுறை விரலால் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள், மரம் இறங்கினால் அவை தளரும். இன்று எல்லாம் சரியாக நிற்கும்போதே ஒவ்வொரு பிராக்கெட்டின் ஓரத்திலும் போல்ட்டின் நிலையைப் பென்சிலால் கோடு போட்டு, தேதியும் எழுதி வைத்துவிடுங்கள். அடுத்த முறை வீடு மாற்றும்போது கழற்றி மாட்டுகிறவருக்கு அந்தக் கோடு பார்த்தால் போதும்.